ஐந்து கிலோ ஜோடி

புதன், ஜூன் 11

காலையிலிருந்தே வெக்கை. மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, நாலு தூறல் போட்டு ஏமாற்றிவிட்டுப் போனது. கொடியில் கிடந்த துணியெல்லாம் மில் கரி. மறுபடி அலசல்.

நாளைக்கு: பாப்பாவின் தடுப்பூசி அட்டை தேட. முட்டை. அம்மாவுக்கு ஆர்.கே.பேட்டைக்கு போன், மறக்காமல்.

பாப்பாவின் காதுகுத்து வீடியோ வந்தது. அதைப் பார்க்கவென்றே நாத்தனார் வந்திருந்தார். எல்லோரும் டி.வி. முன்னால். நான் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டு, பாதிக் கண்ணால். பாப்பாவைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க நான் தூக்கும் இடம் வந்தது. நாத்தனார்: "ஏய், நிறுத்து நிறுத்து. ரேவதி கைய பாரு. தூளி மாதிரி ஆடுது." பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்கள். மறுபடி ஆடியது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவரும். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "அக்கா, அது பில்லெட்டு. இன்னும் ரோலிங்குக்குப் போவல."

கல்யாணமான புதிதில், தான் ஃபிட்டராக இருக்கும் கம்பி மில்லைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்வார். பில்லெட் என்றால் தடித்த இரும்புக் கட்டை. அதைப் பழுக்கக் காய்ச்சி உருளைகளுக்கு நடுவே விட்டு விட்டு எடுத்தால்தான் கம்பி. அப்போது ஆசையாகக் கேட்டுக்கொண்டேன். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள் இல்லையா, நடுநடுவே சந்தேகம் வேறு.

இன்று நானும் அவர்களோடு சிரித்தேன். அதுதான் எரிகிறது.

சாயங்காலம் கேஸ்காரர் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே தள்ளிப் பார்த்தேன். அரை அடி நகர்ந்தது. இவர் வந்து ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போனார், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி.


ஞாயிறு, ஜூன் 15

கரண்ட் இல்லை. பாப்பாவுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. விசிறி விசிறிக் கை ஓய்ந்தது. (ஓயட்டும். பில்லெட் தானே.)

ஜிம் விசாரித்தேன். ஹைரோட்டில் பேக்கரி மாடியில். லேடீஸ் பேட்ச் மத்தியானத்துக்கு முன்னால், சரியாகப் பாப்பா தூங்கும் நேரம். அத்தை: "ஆம்பள சொல்லிக் குடுக்கற எடத்துல போயி கைய தூக்கிக்கினு நிக்கப் போறியா?" இவர் செல்லிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

சரி, வீட்டிலேயே. வீடியோக்களிலிருந்து பொறுக்கியது:

கைச்சதையை மட்டும் தனியாகக் கரைக்க முடியாது. கரைக்கிறேன் என்பவன் பொய்யன்.
தொங்குவது புஜத்தின் பின்பக்கம். ஆனால் எல்லோரும் முன்பக்கத்தையே மடக்கி மடக்கித் தூக்குகிறார்கள்.
எடை தூக்கினால் பெண்ணுக்கு ஆம்பளைக் கை வந்துவிடாது.
ஒருநாள் விட்டு ஒருநாள். தசை வளர்வது ஓய்வில்தான்.
கடைசி இரண்டு தடவை முடியாமல் முடிய வேண்டும். சுலபமாக முடிந்தால் எடை போதாது.
தூக்கும்போது மூச்சை வாயால் வெளியே விட வேண்டும். அடக்கக் கூடாது.

இரண்டு தண்ணீர் பாட்டில்களோடு ஆரம்பித்தாயிற்று. சுவரில் கை ஊன்றித் தண்டால். பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா ரேவதி, செவுரு உழுந்துடும்னு தாங்கிப் புடிச்சிக்கினு நிக்கிறியா?"

அத்தை இன்னொரு குண்டு போட்டார். "பால் குடுக்கறவ கைய கால ஆட்டிக்கினே கெடந்தா பால் புளிச்சிப்பூடும்." படித்தவள்தான் நான். இருந்தாலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிக்கவில்லை. சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு.


வியாழன், ஜூன் 19

தடுப்பூசி. பாப்பா அழுது அழுது நீலம் பாரித்தாள் என்று நினைத்து நான் கத்த, நர்ஸ் என்னைத்தான் முதலில் உட்காரவைத்தார். பால் புளிக்குமா என்று மெதுவாகக் கேட்டேன். "யாரு சொன்னது? மாமியாரா?" என்று சிரித்தார். "ஒன்னும் ஆவாது. தண்ணி நெறைய குடி."

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நர்சுக்கு என்ன தெரியும் என்பார்கள்.

ராத்திரியில் பாப்பாவின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சைப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. அவளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது.


வெள்ளி, ஜூலை 4

நல்ல மழை. முன்வாசல் வரை தண்ணீர்.

பாட்டிலில் தண்ணீருக்குப் பதில் மணல். அதுவும் இப்போது சும்மா தூக்குகிற மாதிரி. பாட்டிலைப் பிடிக்கப் பிடிமானமும் இல்லை. ஒன்று நழுவிப் பாப்பாவின் பக்கத்தில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி. இனி அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அதுக்கு ஒரு டம்பெல் இருந்தா தான் சரி" என்றார். கிண்டல் இல்லாத குரல். நம்பவில்லை.


சனி, ஜூலை 12

இவர் எனக்காகச் செய்துகொண்டு வந்தார்.

கம்பி வெட்டும்போது முனையில் விழும் துண்டு கைப்பிடி. இரண்டு பக்கமும் லேத்தில் கடைந்த வட்ட இரும்பு, வெல்டிங். கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார், வழுக்காமல் இருக்க. மேலே சிவப்பு பிரைமர். ஒவ்வொன்றும் மூன்று கிலோ. நேற்று ஒன்று, இன்று ஒன்று, சாப்பாட்டுப் பையில்.

"கேட்டுட்டு தானே எடுத்தீங்க?"

"போர்மேன்கிட்ட சொல்ட்டேன். வேஸ்ட்டு தான் அது. தூர போடறது."

பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வாங்கித் தந்திருக்கிறார் எவ்வளவோ. கையால் செய்து தந்தது இது ஒன்று. பில்லெட் என்று சொன்ன வாய்தான். அதையும் மறக்கவில்லை.


ஞாயிறு, ஆகஸ்ட் 17

புழுக்கம். ஞாயிறானால் மீன். அத்தைக்கு அத்திப்பட்டுப் பக்கத்து இறால் வேண்டுமாம், கிடைக்கவில்லை, அதற்கும் என் முகத்தையே பார்த்தார்.

பின்பக்கத்துக்கு: தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவது, முழங்கை விரியாமல். தோளுக்கு: நேராக மேலே. முதுகுக்கு: குனிந்து இழுப்பது. எல்லாம் மூன்று சுற்று. பாப்பா தொட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு நான் மூச்சு விடும்போதெல்லாம் தானும் கன்னத்தை உப்பி "ஃபூ" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்து எண்ணிக்கை விட்டுப்போகிறது.

குளிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். கையைத் தூக்கினால் தோளுக்குக் கீழே ஒரு கோடு. இறக்கினால் போய்விடுகிறது. மறுபடி தூக்கினேன். இருக்கிறது.

இவரிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கட்டை மாதிரி கீது. பொம்பள கை மாதிரியே இல்ல."

ஆடினாலும் குற்றம். ஆடாவிட்டாலும்.

ஆனால் அந்த நேரத்திலேயே கேட்டும்விட்டேன். மூன்று கிலோ இப்போது சுலபமாகிவிட்டது, அடுத்து நாலு வேண்டும் என்று. "நாலு இன்னாத்துக்கு, அஞ்சா போட்டுத் தரேன்" என்றார். சாப்பாட்டுப் பையின் கைப்பிடி இற்றுப்போயிருந்தது. ஊசிநூல் எடுத்துத் தைத்துவைத்தேன்.


வியாழன், ஆகஸ்ட் 28

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதினால் ஒருவேளை புரியும்.

முதல் ஷிப்ட் விடும் நேரம். கேட்டில் கூட்டம். ஐந்து கிலோ இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் தைத்த கைப்பிடி தாங்கியது. அடித்துணி தாங்கவில்லை. செக்யூரிட்டியின் காலடியில் விழுந்தது ஒன்று. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

போர்மேனுக்கு ஒன்றும் தெரியாது. இவர் அவரிடம் சொல்லவேயில்லை. கேட்டைத் தாண்ட அனுமதிச் சீட்டும் கிடையாது. வெட்டி விழும் துண்டு வேஸ்ட் இல்லையாம். அள்ளிக்கொண்டு போய்த் திரும்ப உருக்குவார்களாம். அது திருட்டு.

சஸ்பெண்ட். விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது. இந்த வருஷம் நிரந்தரம் பண்ணும் லிஸ்ட்டில் இவர் பெயர் இருந்தது.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம், "ஒன்னு ஒன்னா எடுத்தாந்திருக்கலாம் இல்லடா?"

இவர் என்னைப் பார்த்து ஒரே வரி. "நீ தானே கேட்டே."


திங்கள், செப்டம்பர் 1

இவர் வீட்டில். பனியன், செல், டீ. பாப்பா முழுநாளும் அப்பாவைப் பார்க்கும் சந்தோஷத்தில் தூங்க மாட்டேன் என்கிறாள்.

லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் இவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "வா டம்பெல்லு. உங்க ஊட்டம்மா நம்மள ஒரு கையில தூக்கிடுவாங்களா?" அதோடு டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

குழாயடியில் ஸ்டெல்லா அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் குடத்தை நகர்த்தி முன்னால் வைத்தார். அதுவே போதுமாக இருந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். நைனாவிடம் சொல்லாதே என்றேன். "ஏண்டி, உனக்கு இன்னா கொற, கை நல்லா தானே இருந்தது" என்றாள். இவளும்.

விசாரணைக்கு எழுதிக் கொடுத்ததை இன்றுதான் சொன்னார்: இதுதான் முதல் தடவை, இதற்கு முன் எதையும் எடுத்ததில்லை. முதல் தடவை என்றால் மன்னிப்பு உண்டு. இரண்டாவது என்றால் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். மூன்று கிலோ ஜோடி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இதை எழுதும்போது என் காலுக்குப் பக்கத்தில்.

யூனியன்காரர் யோசனை: பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் ஹெச்.ஆர். மேடத்தைப் பார்க்க. கைக்குழந்தையோடு. இந்தப் பக்கத்து மில்களில் அது பழக்கம். புருஷன் தப்பு செய்தால் பொண்டாட்டி போய் நிற்க வேண்டும்.

அத்தை பாடம் எடுத்தார். "முழுக்கை சுடிதார் போட்டுக்கோ. கை தெரிய வேணாம். தலைக்கு எண்ண வெக்காத. கொயந்த அழுவலன்னா லேசா ஒரு கிள்ளு. எரக்கம் வரும்."

இவர்: "மொத ஜோடிய பத்தி மூச்சு உடாத."

இவ்வளவு நாள் தூக்கியது இந்தக் கோடு வெளியே தெரிய. இனி அதை மூடிக்கொண்டு போய்ப் பிச்சை கேட்க வேண்டும்.


புதன், செப்டம்பர் 3

மழைத் தூறல். ஷேர் ஆட்டோ. பாப்பாவுக்குச் சளி வேறு.

கல்யாணத்துக்கு முன்னால் தைத்த முழுக்கை சுடிதார். பாப்பா பிறந்த பிறகு கையில் ஏறவே ஏறாது அது. இன்று ஏறியது. ஏறியதற்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

கேட்டில் காக்கவைத்தார்கள். அப்புறம் உள்ளே. ஏ.சி. அறை. மேஜை மேல் ஐந்து கிலோ ஜோடி, கயிறு கட்டி அட்டை தொங்கவிட்டு. அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அதே சிவப்பு பிரைமர். அதே சைக்கிள் டியூப். முதல் ஜோடியைவிட அழகாகக் கடைந்திருந்தார்.

ஹெச்.ஆர். மேடத்துக்கு முப்பத்தைந்து இருக்கும். கையில்லாத குர்தா. தோளிலிருந்து முழங்கை வரை அந்தக் கோடு, கையைத் தூக்காமலே. பார்க்கக் கூடாது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னை உட்காரச் சொன்னார். இவர் நின்றார். செக்யூரிட்டி கதவோரம்.

"உங்களுக்காகத்தான் செஞ்சாராமே?"

"ஆமா மேடம்."

ஒன்றை எடுத்து மடக்கித் தூக்கிப் பார்த்தார். "பேலன்ஸ் நல்லா இருக்கு. ஆன்லைன்ல கிடைக்குமேம்மா இது. எதுக்கு இவ்ளோ ரிஸ்க்?"

பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன்.

"வெயிட் ட்ரெயினிங் ஏற்கனவே பண்றீங்களா, இல்ல இனிமேதானா?"

"கொஞ்ச நாளா பண்றேன் மேடம்."

"ஸ்ட்ரெய்ட்டா அஞ்சு கிலோவா? நானே ரெண்டுல ஆரம்பிச்சு, மூணுல ரொம்ப நாள் நின்னேன். இதுக்கு முன்னாடி எதுல பண்ணீங்க?"

பின்னால் இவருடைய ஷூ தரையில் உரசியது.

"பாட்டில்ல மேடம். மணல் ரொப்பி."

அப்போதுதான் பாப்பா. கிள்ளாமலே. அழவும் இல்லை. மடியிலிருந்து எட்டி, மேஜையில் இருந்ததன் சைக்கிள் டியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பி, "ஃபூ." அசையவில்லை அது. மறுபடி, "ஃபூ."

செக்யூரிட்டி சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை.

"பாப்பாவுக்கு நல்ல பழக்கம் போல."

"பாட்டில் தூக்கறத பாத்திருக்கா மேடம்."

மேடம் என் தோளைப் பார்த்தார். துணிக்கு மேலேதான். தினம் தூக்குகிறவளுக்கு இன்னொருத்தியின் தோள் எப்படி வந்தது என்று தெரியாதா.

"குமார் இதுதான் முதல் தடவைன்னு எழுதிக் குடுத்திருக்கார்." கேட்டது அவரை இல்லை, என்னை. "அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

மேடம் ஃபைலை மூடினார். பிறகு, "சரி. சொல்லி அனுப்பறோம்."

கதவைத் திறக்கும்போது, "ரேவதி. விட்டுடாதீங்க. கன்டின்யூ பண்ணுங்க."

இரக்கமா குத்தலா, இப்போதுவரை தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர், "பாட்டில்னு சொன்னே பாரு, சூப்பரு." கொஞ்ச தூரம் போனபின், "கொயந்தைய எதிர்ல வெச்சிக்கினு ஏன் டம்பெல் தூக்குனே?"


சனி, செப்டம்பர் 6

வெயில். துவைக்க நல்ல நாள். போர்வைகள்.

இவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கைக் கடிதம். நிரந்தர லிஸ்ட்டிலிருந்து பெயர் நீக்கம். ஃபிட்டர் ஒர்க்‌ஷாப் இனி இல்லை. பில்லெட் அடுக்கும் யார்டு, கூரை இல்லாத இடம்.

பில்லெட். நான் சிரிக்கவில்லை. அவரும் அன்று சொன்னதை நினைத்ததாகத் தெரியவில்லை.

அத்தை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். வந்ததும், "அந்த எழவு ஜோடி ஊட்ல இருக்கக் கூடாது. என்னைக்காச்சும் எவனாச்சும் வந்து பாப்பான். ஏரில போட்டுத் தொலச்சிட்டு வா. நானும் வரேன்." இவர் தலையாட்டினார். அதில் அவர் சுற்றிய டியூப் இருக்கிறது. அதற்கும் தலையாட்டினார்.

சாயங்காலம் போனோம். பழைய துண்டில் சுற்றி நான் எடுத்துக்கொண்டேன். அத்தைக்கு முழங்கால் வலி, கரையோடு நின்றுவிட்டார், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான் சரிவில் இறங்கிப் போனேன். இரண்டு சத்தம்.

மேலிருந்து, "ரெண்டும் போட்டியா?"

"ரெண்டும் போட்டாச்சு அத்தை."

பின்தெருவில் வீடு கட்டுகிறார்கள். உடைந்த கல் நிறையக் கிடக்கிறது.

மூன்று கிலோ ஜோடி இப்போது சமையல் மேடைக்கு அடியில், சிலிண்டருக்குப் பின்னால், கோணிக்குள். அத்தையால் சிலிண்டரை நகர்த்த முடியாது. இவர் அடுப்படிக்கு வருவதே சிலிண்டர் மாற்றத்தான்.

மேடத்திடம் இவருக்காகப் பொய். அத்தையிடம் எனக்காக. இரண்டாவது சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.


செவ்வாய், செப்டம்பர் 9

காலையில் பனி மாதிரி புகை. பாப்பாவின் சளி பரவாயில்லை.

இவர் யார்டிலிருந்து வந்தார். பின்கழுத்துத் தோல் உரிந்திருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவினேன். சாப்பிடும்போது, "மேடம் ரவுண்ட்ஸ் வந்தாங்க. ஒய்ஃப் இன்னும் பண்றாங்களான்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"உட்டுட்டான்னு சொன்னேன்."

இதெல்லாம் சாயங்காலம். காலையில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். மளிகைக்குப் போய் வருவதற்குள் கேஸ்காரர் சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அத்தை: "உடு, குமாரு வந்து தூக்கி வெச்சி மாத்துவான்." இவர் வந்து மாற்றினால் காலியை இழுப்பார். குனிந்து பார்ப்பார். கோணி தெரியும்.

இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்தேன். முழங்காலை மடக்கி, முதுகு நேராக. தூக்கினேன். நிலைப்படி தாண்டி, கூடம் தாண்டி, உள்ளே. காலியை இழுத்தேன், நிறைந்ததை அதே இடத்தில் வைத்தேன், கோணிக்கு முன்னால்.

திரும்பினால் அத்தை அடுப்படி வாசலில். என் கையையே பார்த்துக்கொண்டு. நைட்டிக்கு அரைக்கைதான்.

அவர் இடுப்பிலிருந்து பாப்பா, கன்னத்தை உப்பி, "ஃபூ."

அத்தை அவளைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். பாப்பா மறுபடி, இன்னும் சத்தமாக.

பாப்பாவுக்கு அந்த "ஃபூ"வை மறக்கடிக்க வேண்டும். எனக்கென்று ஒருத்தி மூச்சு விட்டாள் இந்த வீட்டில், அவளுக்கு மூச்சை அடக்க நானே சொல்லிக்கொடுக்க வேண்டும்.